கரையிலேயே முடிந்த கடினமான வேலை

1882 பிப்ரவரி 15 அன்று நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறையிலிருந்து ‘டனீடின்’ என்னும் பாய்மரக் கப்பல் உறைந்த இறைச்சியோடு லண்டனுக்குக் கிளம்பியது. 98 நாள் கழித்து மே 24இல் போய்ச் சேர்ந்தபோது, அதிலிருந்த ஏறத்தாழ 5,000 ஆட்டு, பன்றி உடல்களில் ஒன்றே ஒன்றுதான் கெட்டதென்று கழிக்கப்பட்டது. நியூசிலாந்தின் உறைந்த இறைச்சி ஏற்றுமதி இந்தப் பயணத்தில்தான் தொடங்கியது. அதனால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த 98 நாட்களையே விரிக்கிறார்கள். பாயில் விழுந்த தீப்பொறியும் வெப்பமண்டலக் கடலும் சுவையான கதைகள்தாம். ஆனால் சோதனையின் கடினமான பகுதி, கப்பல் துறையில் கட்டிக் கிடந்தபோதே நடந்து முடிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அப்போது அந்தத் துறைமுகத்தில் இறைச்சியை உறையவைக்கும் கூடம் கிடையாது, கப்பல்தான் கூடம். ஓமாரு அருகிலிருந்த டோட்டாரா பண்ணையில் தாமஸ் பிரைடனின் மேற்பார்வையில் அறுக்கப்பட்ட ஆடுகள் ரயிலில் துறைக்கு வந்தன. அவற்றைத் துணிப்பையில் வைத்துத் தைத்து, கப்பலின் இடைத்தளத்தில் உறையவைத்து, பிறகு கீழே அடுக்கினார்கள். குளிரைத் தந்தது பெல்-கோல்மன் இயந்திரம். அதில் அமோனியா போன்ற ரசாயனம் ஏதும் இல்லை. காற்றை அழுத்தினால் சூடேறும். அந்தச் சூட்டைக் கடல்நீரால் தணித்து, காற்றை மறுபடி விரியவிட்டால் கடுங்குளிராகும். இயந்திரத்தை ஓட்டிய நீராவிக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 டன் நிலக்கரி செலவானது. கப்பல் ஓடினாலும் நின்றாலும் இந்தச் செலவு உண்டு. ஆனால் இயந்திரத்தின் மேல் விழும் பாரம் எப்போதும் ஒன்றல்ல. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ நீரை வெப்பநிலை மாறாமல் பனிக்கட்டியாக்க எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டுமோ, அவ்வளவு வெப்பம் அதே நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடும். இறைச்சியில் பெரும்பங்கு நீர்தான். ஆகவே புதிதாக அறுத்த உடலை உறையவைப்பதுதான் பளுவான வேலை. உறைந்ததை உறைந்தபடி வைத்திருக்க, கப்பலின் சுவர் வழியே கசியும் வெப்பத்தை மட்டும் விரட்டினால் போதும். கிடங்கு நிறையக் கிடக்கும் உறைந்த இறைச்சியும் தானே குளிரைத் தாங்கி நிற்பதால், இயந்திரம் சற்று நேரம் நின்றாலும் சரக்கு உடனே பாழாகாது.

பழுது வந்த இடமும் இதையே காட்டுகிறது. 1881 டிசம்பரில், ஏற்றத் தொடங்கிய சில நாட்களிலேயே, இயந்திரத்தின் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. அதுவரை ஏற்றிய ஆடுகளை இறக்கி உள்ளூரிலேயே விற்றுவிட்டார்கள். பழுது நீக்க ஒரு மாதம் ஆயிற்று. நடுக்கடலில் உடைந்திருந்தால் சரக்கு மொத்தமும் போயிருக்கும். வில்லியம் டேவிட்சன் தம் நில நிறுவனத்தை நம்பவைத்துத் தொடங்கிய இந்த முயற்சியும் அதோடு நின்றிருக்கலாம். கரையில் உடைந்ததால் நஷ்டம் சில நூறு ஆடுகளோடு போயிற்று.

பயணத்தில் ஆபத்தே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. வெப்பமண்டலத்தில் குளிர்காற்று கிடங்கெங்கும் சரிவரப் பரவாததால், கேப்டன் விட்சன் காற்றுக்குழாய்க்குள் ஊர்ந்து போய் புதுத் துளைகள் அறுத்தார். அங்கேயே விறைத்துப்போன அவரைக் காலில் கயிறு கட்டி இழுத்தார்கள். பெருந்துணிச்சல், மறுக்க முடியாது. ஆனால் அங்கே குறைவாக இருந்தது குளிரல்ல, அதன் பங்கீடு. இன்னொரு மறுப்பு வலுவானது: இதற்கு முன்பே, 1880இல், ‘ஸ்ட்ராத்லெவன்’ ஆஸ்திரேலிய இறைச்சியை லண்டன் சேர்த்துவிட்டதே? உண்மைதான், அது நீராவிக் கப்பல். பாய்மரக் கப்பலின் பலமே வேறு. அது காற்றின் தயவில் நகர்வதால், நிலக்கரி குளிருக்கு மட்டுமே எரிந்தது. துறையில் வாரக்கணக்கில் சும்மா கிடந்தாலும், கப்பலை ஓட்டும் பெரிய எந்திரத்தில் போட்ட முதல் முடங்கிவிட்டதே என்ற கவலை முதலாளிக்கு இல்லை. கப்பலையே உறைபதனக் கூடமாக நிறுத்திவைக்கும் வசதி அதனால்தான் கிடைத்தது. அந்த வசதி நெடுநாள் தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1882இலேயே டனீடின் நகருக்கருகில் பர்ன்சைடில் நிலத்தின் மேலேயே உறைபதனக் கூடம் வந்துவிட்டது. அங்கிருந்து இறைச்சி உறைந்த நிலையிலேயே கப்பலேறியது.