தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பு

திரையரங்கு வாசலில் ஒரு டிக்கெட் இரண்டாகக் கிழிபடும்போது மூன்று பேருடைய பணம் கணக்கில் ஏறுகிறது. தியேட்டர் உரிமையாளரின் பங்கு ஒன்று, படத்தை அனுப்பிய விநியோகஸ்தரின் பங்கு ஒன்று, அரசின் வரி ஒன்று. கிழிபடாமல் உள்ளே போன ஒவ்வொரு டிக்கெட்டும் இந்த மூவரில் யாரையாவது ஏமாற்றியது. தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் வாசல் சோதனை வளர்ந்த விதம் இந்தக் கணக்கை ஒட்டியே அமைந்தது. இன்று செல்போன் திரையில் இருக்கும் கியூஆர் கட்டத்தை ஸ்கேனர் படிக்க மறுக்கும்போது எழும் தகராறுகளுக்கும் பழைய வேர்கள் உண்டு.

தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் படம் காட்டும் தொழிலைத் தொடங்கியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சி ரயில்வேயில் வரைவாளராக இருந்த அவர், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்துக் காட்டத் தொடங்கினார். கூடாரத்தில் இருக்கை எண் கிடையாது. காசு கொடுத்தவர் உள்ளே போனார், இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார். வாசலைக் காப்பதைவிடக் கூடாரத்தின் நாலாபக்கத்தையும் காப்பதே பெரும்பாடாக இருந்தது. துணியைத் தூக்கிவிட்டு உள்ளே நுழையும் சிறுவர்களை எந்த டிக்கெட்டும் தடுக்கவில்லை. 1914-இல் வின்சென்ட் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற அரங்கைக் கட்டினார். கட்டடமும் கதவும் வந்த பிறகுதான் வாசல் என்பது பொருள் உள்ள சொல்லாயிற்று.

நிலையான அரங்கமும் சரி, பின்னாளின் டூரிங் டாக்கீசும் சரி, கூட்டத்தை வகுப்பாகப் பிரித்தே உள்ளே விட்டன. தரை, பெஞ்ச், சேர் என்ற மூன்று வகுப்புகள் கிராமத்துக் கொட்டகையில் இருந்தன. நகரத்தில் சோபா, பால்கனி, பாக்ஸ் என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கவுண்டர், தனி வழி, தனி நிறத் தாள். இருட்டில் டார்ச் ஒளி பட்டதும் தாளின் நிறத்தைக் கொண்டே இவர் தரை, இவர் பெஞ்ச் என்று பிரித்துவிடலாம். கொட்டகைத் தரையில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறைக்கு, தரை டிக்கெட்டை வைத்துக்கொண்டு பெஞ்சுக்கு நழுவுவதும், பிடிபட்டால் திரும்பி வருவதும் படத்தோடு சேர்ந்த அனுபவமாகவே இருந்தன.

வாசல் சோதனைக்குச் சட்டத்தின் பலம் சேர்ந்தது 1939-இல். ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்ததால் கள், சாராயத்தின் வழியாக வந்த வருவாயை இழந்தது. அதை ஈடுகட்டத் தேடிய வழிகளில் ஒன்று விற்பனை வரி. அதே ஆண்டில் கேளிக்கை வரிச் சட்டமும் நிறைவேறியது. அன்றிலிருந்து சினிமா டிக்கெட் என்பது நுழைவுச்சீட்டு மட்டுமல்ல, வரி கட்டியதற்கான ரசீதும் ஆயிற்று. டிக்கெட்டின் விலையில் தியேட்டருக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்து அச்சிடும் வழக்கம் இதிலிருந்து வந்தது.

அந்த டிக்கெட்டைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். மட்டமான, மெல்லிய தாள். இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. தியேட்டர் பெயர், வகுப்பு, விலை, வரி, வரிசை எண். நடுவில் துளையிட்ட கோடு. டிக்கெட்டுகள் புத்தகமாகத் தைக்கப்பட்டு, விற்பனைக்கு முன் வணிகவரித் துறை அலுவலகத்துக்குப் போய் முத்திரை பெற்றுத் திரும்பின. முத்திரை இல்லாத டிக்கெட்டை விற்பது குற்றம். கவுண்டரில் இருப்பவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததும் அடிக்கட்டை புத்தகத்திலேயே தங்கியது. வாசலில் நிற்பவர் மறுபடி பாதியாகக் கிழித்து ஒரு துண்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டார், மறு துண்டைப் பார்வையாளரிடம் கொடுத்தார். இடைவேளையில் டீ குடிக்க வெளியே போனவர் திரும்பி நுழைவதற்கு அந்தப் பாதித் துண்டே சாட்சி. சட்டைப் பையில் வியர்வையில் நனைந்து எழுத்து அழிந்த துண்டைக் காட்டி, அது அன்றைய காட்சிக்கு உரியதுதான் என்று வாதாடியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள்.

புத்தகத்தின் அடிக்கட்டையும் பெட்டியில் விழுந்த துண்டும் ஒத்துப்போனால் கணக்கு சரி. இந்த ஏற்பாட்டை உடைக்க எளிய வழி, டிக்கெட்டைக் கிழிக்காமல் வாங்கிக்கொள்வது. கூட்ட நெரிசலில் முழு டிக்கெட்டை வாங்கி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு ஆளை உள்ளே விட்டுவிட்டால், அதே டிக்கெட் கவுண்டருக்குத் திரும்பிப்போய் இன்னொருவருக்கு விற்கப்படும். ஒரு டிக்கெட், இரண்டு தலை. அடிக்கட்டைக் கணக்கில் ஒன்றுதான் இருக்கும். இரண்டாவது விற்பனையின் பணத்தில் வரியும் இல்லை, விநியோகஸ்தர் பங்கும் இல்லை. வாசலில் நிற்பவர் சம்பளம் குறைந்தவராக இருக்கலாம். ஆனால் அவருடைய இரண்டு விரல்களின் நேர்மையில்தான் தொழிலின் முழு நம்பிக்கையும் தொங்கியது.

அதனால் அவரைக் கண்காணிக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் விநியோகஸ்தர் அனுப்பும் ரெப்ரசென்டேட்டிவ். படப்பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கி, படம் ஓடும் நாள் முழுவதும் ஊரிலேயே தங்கி, ஒவ்வொரு காட்சிக்கும் விற்ற டிக்கெட்டின் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் குறித்துக்கொள்வார். இரவுக் காட்சி தொடங்கியதும் டி.சி.ஆர். எனப்படும் தினசரி வசூல் தாளில் அவரும் தியேட்டர் மேலாளரும் கையெழுத்திடுவார்கள். வசூலை விகிதாசாரப்படி பங்கிட்டுக்கொள்ளும் படத்துக்கு அந்தத் தாளே இறுதி ஆவணம். மற்றவர் வரித்துறை அலுவலர். முன்னறிவிப்பின்றி வந்து, படம் ஓடும்போதே ஒவ்வொருவரிடமும் பாதித் துண்டைக் கேட்டுத் தலை எண்ணுவார். எண்ணிக்கை இடித்தால் அபராதம் உறுதி.

பின்னாளில் சிறிய ஊர்களின் தியேட்டர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்ற வரிக்குப் பதிலாக, இருக்கைக் கணக்கை வைத்து வாரத்துக்கு ஒரு கட்டுத்தொகை செலுத்தும் வசதி கிடைத்தது. ஒவ்வொரு டிக்கெட்டையும் எண்ண வேண்டிய தேவை அரசுக்கு இல்லாமல் போனது. வாசலில் கெடுபிடி தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லலாம். அரங்கு நிறைந்த பிறகும் டிக்கெட் கொடுப்பதும், நடைபாதையில் எக்ஸ்ட்ரா சேர் போடுவதும் சாதாரணமாயின.

நகரத்துப் பெரிய அரங்குகளில் சிக்கல் வேறு விதம். 1952-இல் ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்ட மதுரை தங்கம் தியேட்டரில் 2,563 இருக்கைகள். அத்தனை பேரை இரண்டு காட்சிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் வெளியேற்றி, அடுத்த கூட்டத்தை உள்ளே விட வேண்டும். கவுண்டருக்குப் போகும் வழியில் ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய குறுகலான சந்தும் இரும்புக் கம்பி வேலியும் அமைத்தது இதனால்தான். வரிசையில் நின்றவர்களின் தோள்மீதும் தலைமீதும் நடந்து கவுண்டரை அடைந்தவர்கள் இருந்தார்கள். வாங்கிய டிக்கெட்டை வெளியே கூடுதல் விலைக்கு விற்ற பிளாக் டிக்கெட் வியாபாரமும் இந்த நெரிசலில் பிறந்தது. போலி டிக்கெட் கையில் சிக்கியவர் ஏமாந்தது வாசலில் வந்த பிறகுதான் தெரியும். பணத்தைக் கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு வாசலில் மறிக்கப்பட்டு நின்றவரின் அவமானத்துக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இடம் இல்லை.

சென்னை அண்ணா சாலையில் 1964-இல் வந்த சபையர் வளாகத்தின் புளூ டைமண்ட் அரங்கம் மட்டும் இந்த வரலாற்றில் தனித்து நிற்கிறது. அங்கே படம் தொடர்ச்சியாக ஓடிக்கொண்டே இருந்தது. டிக்கெட் வாங்கியவர் எந்த நேரத்திலும் நுழையலாம், விட்ட பகுதியை அடுத்த சுற்றில் பார்க்கலாம். வெயிலுக்கு ஒதுங்கிக் குளிர்ந்த காற்றில் நாள் முழுக்க உட்கார்ந்தவர்களை வாசலில் நின்றவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கணினி முதலில் வந்தது கவுண்டருக்கு. இருக்கை எண்ணோடு டிக்கெட் அச்சாகி வந்ததும், ஒரே இருக்கையை இருவருக்கு விற்கும் தவறு வெகுவாகக் குறைந்தது. 2000-களில் இணைய முன்பதிவு பரவியது. சென்னையைச் சேர்ந்த டிக்கெட்நியூவும் மும்பையின் புக்மைஷோவும் இதில் முன்னே நின்றன. தொடக்கத்தில் இணையத்தில் பணம் கட்டியவரும் தியேட்டருக்கு வந்து, முன்பதிவு எண்ணைச் சொல்லித் தாள் டிக்கெட்டை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வரிசையில் நிற்காமல் இருப்பதற்காக முன்பதிவு செய்தவர்களுக்கு இன்னொரு வரிசை காத்திருந்தது. செல்போனே டிக்கெட்டாக மாறிய பிறகுதான் அந்த வரிசை கலைந்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் அந்த ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி பாதி இருக்கைகளோடு திறந்தபோது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தாள் மாறுவதே அச்சமூட்டும் காரியமாக இருந்தது. ஸ்கேனர் வாசலில் நிலைபெற அந்த மாதங்கள் உதவின.

வாசலில் படிக்கப்படும் கியூஆர் கட்டம் சினிமாவுக்காகப் பிறந்ததல்ல. 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு, கார் உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக உருவாக்கியது. மூன்று மூலைகளில் உள்ள சதுரங்களைக் கொண்டு கட்டம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கருவி அறிகிறது. உருவாக்கும்போது தேர்ந்தெடுக்கும் பிழைதிருத்த அளவைப் பொறுத்துக் கட்டத்தில் 7 முதல் 30 சதவீதம்வரை சேதமடைந்தாலும் மீதியைக் கொண்டு படித்துவிட முடியும். கண்ணாடி விரிசல் விட்ட செல்போனிலும் டிக்கெட் செல்லுபடியாவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியிருந்தும் ஸ்கேனர் திணறுகிறது. காலை 9 மணிக் காட்சிக்கு வெயிலில் நிற்கும் கூட்டத்தில், பேட்டரியைச் சேமிக்கத் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பவரின் போனில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் வேறுபாடே தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் ஓரம் வெட்டுப்பட்டு ஒரு மூலைச் சதுரம் போயிருக்கும். டார்க் மோடில் நிறம் தலைகீழான கட்டத்தைச் சில கருவிகள் ஏற்பதில்லை. லேசர் ஒளியில் இயங்கும் பழைய பார்கோடு கருவிகளுக்குச் செல்போன் திரையே ஒவ்வாது. அவை தாளிலிருந்து தெறித்து வரும் ஒளியை நம்பியவை. எந்திரத்தில் அச்சான டிக்கெட்டும் முற்றிலும் பாதுகாப்பானதல்ல. அது வெப்பத்தால் எழுத்து பதியும் தாள். காரின் முன்கண்ணாடியருகே வெயிலில் கிடந்தால் முழுக்கக் கறுத்துவிடும்.

இவையெல்லாம் கருவி சார்ந்தவை, தீர்வும் எளிது. வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லலாம், நிழலுக்கு வரச் சொல்லலாம், முன்பதிவு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். கடினமானது, ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று ஸ்கேனர் சொல்லும் தருணம். ஐந்து பேருக்கு ஒரே கட்டம் இருக்கும், மூன்று பேர் முதலில் வந்து உள்ளே போயிருப்பார்கள், பின்னால் வந்த இருவரைக் கருவி மறிக்கும். அல்லது ஒரே டிக்கெட்டின் ஸ்க்ரீன்ஷாட்டை இரண்டு பேருக்கு விற்றிருப்பார்கள். முதலில் வந்தவர் உள்ளே, பணம் கொடுத்த மற்றவர் வெளியே. நெட்வொர்க் அறுந்து இரண்டு வாசல்களின் கருவிகளும் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனிப் பட்டியலைப் பார்த்தால், ஒரே கட்டம் இரண்டு வாசலிலும் தேறிவிடும். கிழிக்காமல் கவுண்டருக்குத் திரும்பிய பழைய டிக்கெட் செய்த அதே வேலை இது.

அனுபவமுள்ள வாசல் ஊழியர் இத்தகைய நேரத்தில் வரிசையை நிறுத்துவதில்லை. சிக்கலில் இருப்பவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு மற்றவர்களை விடுகிறார். பிறகு முன்பதிவு செய்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்கிறார், பணம் கட்டிய குறுஞ்செய்தியைப் பார்க்கிறார், உள்ளே ஆள் அனுப்பி அந்த இருக்கையில் யார் இருக்கிறார் என்று கேட்டுவரச் செய்கிறார். டார்ச்சோடு தலை எண்ணிய வரி அலுவலர் செய்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கருவி ‘இல்லை’ என்று சொன்னதையே தீர்ப்பாகக் கொண்டு ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்புவதை நல்ல தியேட்டர் செய்யாது.

கேளிக்கை வரியின் இடத்துக்கு 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. அதோடு உள்ளாட்சி வரியும் சேர்ந்ததை எதிர்த்துத் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் சில நாட்கள் கதவடைத்தன. முத்திரை குத்திய டிக்கெட் புத்தகத்துக்கு இப்போது வேலை இல்லை. கணினியில் பதிவான விற்பனையே வரிக்கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய்வரையிலான டிக்கெட்டுக்கு 5 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதம் என்று வரி விதிக்கப்படுகிறது. விலைக்கு ஏற்ப வரி மாறுவதால், வகுப்பு வாரியாக டிக்கெட்டை எண்ணும் தேவை தீர்ந்துவிடவில்லை.

நெட்வொர்க் அறுந்த வேளையில் வாசலில் உதவுவது அடிக்கட்டையின் இன்றைய வடிவமான இருக்கைப் பட்டியல்தான். காட்சி தொடங்கும் முன் விற்ற இருக்கைகளின் பட்டியலைத் தாளில் அச்சிட்டு, உள்ளே போனவரின் எண்ணைப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தால், ஸ்கேனர் நின்றாலும் வரிசை நிற்காது. அதற்கு ஆகும் செலவு இரண்டு தாள், ஒரு பேனா. பெரிய நடிகர்களின் படம் வெளியாகும் நாட்களிலாவது தியேட்டர்காரர்கள் அதை வாசலில் வைத்திருக்க வேண்டும்.