சேற்றில் பிறந்த வண்டி

புல்லட் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவை நேரான நெடுஞ்சாலை, முறுக்கு மீசை, திரைப்படத்துக் காவல் ஆய்வாளர். அந்த வண்டி சேற்றிலும் பாறையிலும் வளர்ந்தது என்பதை மறந்தே போனோம். 1948-இல் இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பைப் போட்டியில், கரடுமுரடான தடத்தில்தான் அதன் முன்மாதிரி இறங்கியது. பின்சக்கரத்தைச் சட்டத்தோடு இறுக்காமல், ஏறி இறங்கும் ஒரு கையில் பொருத்தி ஷாக் அப்சார்பரோடு இணைத்திருந்தார்கள். பள்ளத்திலும் சக்கரம் தரையைப் பற்றியே ஓடும். அன்று அது புதுமை. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில் வென்ற பிரித்தானிய அணியிலும் புல்லட்டுகள் இருந்தன.

சாலைக்கும் காட்டுத் தடத்துக்கும் பொதுவான வண்டியை இன்று 'டூயல் ஸ்போர்ட்' என்கிறார்கள். 1968-இல் யமஹா டிடி-1 அமெரிக்காவில் அதற்கொரு பெருஞ்சந்தையை உண்டாக்கியது. ஆனால் பொருள் பெயருக்கு முந்தியது. 1950களில் நம் இராணுவம் எல்லைக் காவலுக்குப் புல்லட்டைத் தேர்ந்ததும் அதன் அலங்காரத்துக்காக அன்று.

1955-இல் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின; தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. அதே 1955 சனவரியில்தான் சேக்காட்டுக்குப் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் கூடி 'சோசலிச பாணிச் சமுதாயம்' என்று தீர்மானித்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை; ஆயினும் வெளிநாட்டுச் சரக்கை இறக்குவதைவிட இங்கேயே செய்துகொள்வோம் என்ற காற்று ஒன்றுதான். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டினார்கள். 1962-க்குள் அனைத்தும் இங்கேயே ஆயின. 1970 வாக்கில் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றது. 1977-இல் சென்னை வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது! பிள்ளை தாய்க்குச் சோறு போட்ட கதை.

அந்தப் பழைய வண்டியை வாங்குவது பாதி வேலைதான். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். உதைக்குமுன் டீகம்ப்ரசர் நெம்பைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல மிதித்து, பிறகு விட்டு உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கணுக்காலைத் திருப்பி அடிக்கும். பாயிண்ட் இடைவெளி, டேப்பட், கார்புரேட்டர் திருகு என ஒவ்வொன்றும் மெக்கானிக்கின் செவிக்குக் கட்டுப்பட்டவை. திருகைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு, தலை சாய்த்துக் கேட்பார். மறுபடி அரைக்கால் சுற்று. அளவுக்கருவிகள் இருந்தன, ஆனால் தீர்ப்பு காதுடையது.

2016-இல் வந்த ஹிமாலயன், புல்லட் மறந்துவிட்ட மண்ணுக்குத் திரும்பியது என்பது என் கருத்து. 411 சிசி, 24.5 குதிரைத்திறன்; வேகத்துக்கு அஞ்சுபவர் எவரும் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கல்லையும் குழியையும் ஏறிக் கடக்க முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. 2023-இல் நீரால் குளிரும் 452 சிசி எஞ்சினோடு, 40 குதிரைத்திறனில் அடுத்த தலைமுறை வந்தது.

சேக்காட்டு மாணவர் ஒருவர் அதைத்தான் வாங்கினார். ஐந்தடி நான்கங்குல உயரம். இருக்கையைத் தாழ்ந்த நிலையில் வைத்தும் ஒரு காலைத்தான் முழுதாக ஊன்ற முடிகிறது. எடைக்கேற்ப, பின்புற ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் திருத்தினார்கள். எழுந்து நின்று ஓட்டும்போது மணிக்கட்டு மடங்காதிருக்க, கிளட்ச், பிரேக் கைப்பிடிகளைச் சற்றுக் கீழே சாய்த்தார்கள். மழைக்காலத்துச் சேற்றுத் தெருவில் இந்தச் சில்லறைத் திருத்தங்களின் அருமை தெரியும். முதல் 500 கிலோமீட்டர் வரை எஞ்சினை முறுக்காமல், ஒரே வேகத்திலும் ஓட்டாமல் பழக்கினார்.

எஞ்சினைச் 'சுருதி' கூட்ட மட்டும் எவரும் இல்லை. எரிபொருள் எவ்வளவு, பொறி எப்போது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. பழுது என்றால் கம்பியைச் செருகித் திரையில் எண்ணைப் படிக்கிறார்கள். புகை குறைந்தது, மைலேஜ் கூடியது. குறை சொல்ல முடியாது. ஆனால் முப்பது ஆண்டுகள் காதால் பிழைத்த ஒரு மெக்கானிக்குக் கல்லூரியில் வகுப்பே இல்லாத பேராசிரியரின் நிலைதான் வாய்த்திருக்கிறது.

அவருக்கு மிஞ்சியவை செயினும் சக்கரமும். மாணவரின் வண்டியில் ஸ்போக்ஸ் சக்கரம். புதுக் கம்பிகள் முதல் சில நூறு கிலோமீட்டர்களில் தளர்ந்து அமரும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, சிறிய ஸ்பேனரால் கம்பி கம்பியாகத் தட்டிக்கொண்டே வந்தார். இறுகிய கம்பி கணீரென்றது. ஓரிடத்தில் ஒலி மந்தமாக விழுந்தது. சக்கரத்தை நிறுத்தி, அந்த நிப்பிளைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி தட்டினார்.