தெருவிளக்கின் கீழ் ஒரு கூட்டம்: கிருஷேன் கன்னாவின் 1948 ஓவியம்

தில்லியின் இரவுக்கூட்டத்தைத் தீட்டிய ஓவியங்கள் என்றதும் முகலாயச் சிற்றோவியங்களின் வாணவேடிக்கையும் ஆடலரங்கும் நம் நினைவுக்கு வரும். கிருஷேன் கன்னாவின் ‘காந்திஜியின் மரணச் செய்தி’ காட்டும் கூட்டம் வேறானது. தெருவிளக்கின் வெளிச்சத்தில், வெவ்வேறு சமூகத்தினர் எனத் தோன்றும் மனிதர்கள் நாளிதழ் படித்தபடி நிற்கின்றனர். அருகருகே நின்றாலும் ஒவ்வொருவரும் தத்தம் தாளில் ஆழ்ந்துள்ளனர்.

இதனைப் பொதுத்துயரின் சித்திரம் என்று வாசிப்பது எளிது. ஆனால் அந்த வாசிப்பு போதாது என்பது என் கருத்து. அன்றைய தில்லியில் கூட்டம் என்ற சொல்லே அச்சம் தருவதாக இருந்தது. 1947 செப்டம்பர் வன்முறையில் முஸ்லிம்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் அடைக்கலம் புகுந்தனர். மேற்குப் பஞ்சாபிலிருந்து உயிர்தப்பி வந்த இந்து, சீக்கிய அகதிகளாலும் நகரம் நிரம்பியது. 1925இல் லயல்பூரில் (இன்றைய ஃபைசலாபாத்) பிறந்த கன்னாவின் குடும்பமும் பிரிவினையில் லாகூரை விட்டு வெளியேறியதே. தில்லியில் அமைதி திரும்பவேண்டுமென 1948 சனவரி 13 அன்று காந்தி தொடங்கிய உண்ணாநோன்பு 18ஆம் நாள் முடிந்தது. சனவரி 30 மாலை பிர்லா மாளிகையில் அவர் சுடப்பட்டார்.

அம்மாலையில் ‘சுட்டவன் யார்?’ என்ற வினாவின் விடையைப் பொறுத்தே, அடுத்து யார் தாக்கப்படுவார் என்பது அமைந்திருந்தது. பழிவாங்கல் மூளாதிருக்க, கொன்றவன் இந்து என்பதை அனைத்திந்திய வானொலி தெளிவுபட அறிவித்தது. முஸ்லிம்கள்மீது பாயக்கூடிய பெருவெறி அதனால் தவிர்க்கப்பட்டது. எனினும், கொலையாளியின் சாதி தெரிந்தபின் புணே, சாத்தாரா, கோலாப்பூர் பகுதிகளில் மராத்தியப் பிராமணர்கள் தாக்கப்பட்டனர். பெயர் ஒன்று ஒரு சமூகத்தைக் காத்தது. மற்றொன்றைத் தாக்குதலுக்கு உள்ளாக்கியது.

இப்பின்னணியில் நோக்கினால், தாளில் குனிந்த தலைகளில் துயரத்தோடு ஒரு தேடலும் தெரிகிறது: ‘இன்றிரவு அஞ்ச வேண்டியவர் நாமா, அருகில் நிற்பவரா?’ ஓவியம் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை; இது காலச்சூழலிலிருந்து நான் பெறும் வாசிப்பு.

கலவரங்களைப் பற்றிய காவல்துறை ஆவணங்களில் மக்கள் பெரும்பாலும் ‘கும்பல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். கன்னாவோ கும்பலாக மாறாத ஒரு கூட்டத்தை, தனித்தனி வாசகர்களாகத் தீட்டினார். வன்முறை நிகழாத இரவுகளுக்கு ஆவணங்களில் இடம் குறைவு. அவற்றின் வரலாற்றை எழுத விழையும் மாணவர்கள் இவ்வோவியத்தையும் சான்றாகக் கொள்ளவேண்டும்.