நமக்குப் பிறகு அந்தப் பிள்ளை எந்த வீட்டில்?

நாற்பது வயது மகனுக்கு எழுபது வயது தாய் தலை சீவிவிடுகிற வீடுகள் நம் மஹல்லாக்களில் உண்டு. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகியவற்றோடு பிறந்த பிள்ளைகளில் பலர் முன்பு இளம் வயதிலேயே இறந்துவிடுவார்கள். மருத்துவம் வளர்ந்த பிறகு அவர்களும் ஐம்பது, அறுபது வயது வரை வாழ்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர்களைத் தூக்கிச் சுமந்த பெற்றோரின் ஹயாத் அதோடு சேர்ந்து நீள்வதில்லை. சிறப்புப் பள்ளிகளில் பலவும் 18 வயதோடு அனுப்பிவிடும். அதன் பிறகு வீட்டுக்குள்தான்.

இப்படிப்பட்ட தாய்மார்களில் சிலர், 'எனக்கு முன்னால் இந்தப் பிள்ளையை எடுத்துக்கொள் யா அல்லாஹ்' என்று துஆ கேட்கிறார்கள். அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அப்படிக் கேட்கும் நிலைக்கு அவளைத் தள்ளிய ஊரைத்தான் கேட்க வேண்டும். யதீம்கானா நடத்தத் தெரிந்த சமுதாயம் நாம். ஆனால் யதீம் பிள்ளை வளர்ந்து வேலை தேடி வெளியே போய்விடும். இவர்கள் எங்கும் போக மாட்டார்கள். இவர்களுக்கு வேண்டியது விடுதி அல்ல, வாழ்நாள் முழுவதற்குமான ஒரு வீடு.

அந்த வீட்டுக்கு என்னென்ன வழிகள் உள்ளன, சட்டம் என்ன சொல்கிறது, ஷரீஅத்தின்படி சொத்தை எப்படி ஒழுங்கு செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

ஏர்வாடியை மறக்க முடியாது

2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. ஏர்வாடியில் இருந்த இதுபோன்ற காப்பகங்களை அரசு மூடியது.

இறந்தவர்கள் மனநோயாளிகள். மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. முன்னது எந்த வயதிலும் வரலாம், மருந்தால் கட்டுப்படும். பின்னது பிறவியிலோ குழந்தைப் பருவத்திலோ ஏற்படும் வளர்ச்சிக் குறை. சட்டமும் இரண்டையும் தனித்தனியாகவே நடத்துகிறது. ஆனால் குடும்பங்கள் இவர்களைக் கொண்டுபோய்விட்ட விதம் ஒன்றுதான்: ஊருக்கு வெளியே, உறவினர் கண்ணுக்கு எட்டாத இடத்தில், மாதப் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவது. அங்கே விடப்பட்டவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள் என்பது உண்மைதான். என்றாலும் அது நடந்தது ஒரு தர்காவின் நிழலில். நமக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துள்ளது. குடும்பம் ஏற்கவில்லை, போக வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு இன்னும் தெளிவானது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சமுதாயத்தின் நடுவே வாழும் உரிமை உண்டு; குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லாதிருக்க அரசு முயல வேண்டும்.

காப்பகம் அல்ல, தெருவில் ஒரு வீடு

இதைச் செய்து காட்டியவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். 1993இல் சென்னையில் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு, மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்கு அடைக்கலம் தந்து வந்தது. குணமான பிறகும் போக இடமின்றிப் பலர் அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டார்கள். 2015இல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தை அவர்கள் ஆரம்பித்தார்கள். நாலைந்து பேர் சேர்ந்து சாதாரணக் குடியிருப்பில் ஒரு வாடகை வீட்டில் குடியேறுவார்கள். அதே வட்டாரத்துப் பெண்கள் பயிற்சி பெற்று உதவியாளராக இருப்பார்கள். சமையல், கடைக்குப் போவது, பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போவது, முடிந்தவர்களுக்கு ஒரு வேலை என்று வாழ்க்கை நடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இதைவிடப் பழைய முன்மாதிரி 'ஆஷா நிகேதன்'. 1964இல் பிரான்சில் தோன்றிய 'லார்ஷ்' இயக்கத்தின் இந்தியக் கிளை அது. 1970இல் பெங்களூரில் தொடங்கி, சென்னையிலும் இல்லம் உள்ளது. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் உண்டு வாழ்வதுதான் அதன் முறை. அதன் பிரெஞ்சு நிறுவனர் பெண்கள் சிலரிடம் முறைகேடாக நடந்தார் என்று அவர் இறந்த பிறகு, 2020இல், அந்த இயக்கமே விசாரித்து அறிவித்தது. நல்ல பெயர் எடுத்த இல்லமானாலும் வெளியாரின் கண்காணிப்பு இல்லாமல் விடக்கூடாது என்பதற்காக இதையும் குறிப்பிடுகிறோம்.

நமது மார்க்கத்துக்கு இது புதிய சிந்தனை அல்ல. அந்நூர் அத்தியாயத்தின் 61ஆவது வசனம் பார்வையற்றவர், கால் ஊனமானவர், நோயாளி ஆகியோரை முதலில் குறிப்பிடுகிறது. அடுத்து அது போவது தந்தையின் வீடு, தாயின் வீடு, சகோதரரின் வீடு, சகோதரியின் வீடு, சிறிய தந்தை, மாமி, மாமா, சாச்சி வீடுகள், நண்பரின் வீடு என்று வீடுகளின் வரிசைக்கு. ஊனமுற்றோர் மற்றவர்களோடு சேர்ந்து உண்ணக் கூச்சப்பட்டதும், மற்றவர்கள் அவர்களோடு உண்ணத் தயங்கியதும் இந்த வசனத்தின் பின்னணிகளில் ஒன்று என விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். உமய்யா கலீஃபா வலீத், நடக்க முடியாதவருக்கு ஓர் உதவியாளையும் பார்வையற்றவருக்கு ஒரு வழிகாட்டியையும் அரசுச் செலவில் நியமித்ததை வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்திருக்கிறார். அவர்களை ஓரிடத்தில் கூட்டி அடைத்ததாக அல்ல, ஆளுக்கு ஓர் ஆளைக் கொடுத்ததாகவே அந்தச் செய்தி இருக்கிறது.

பாதுகாவலர் சான்றிதழ்

பல பெற்றோருக்குத் தெரியாத ஒன்று: பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் சட்டத்தின் பார்வையில் நீங்கள் அவருடைய பாதுகாவலர் அல்ல. வங்கியிலும் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் அவர் ஒரு முழு வயதுக் குடிமகன். கையெழுத்துப் போடத் தெரியாத முழு வயதுக் குடிமகன்!

இதற்காகத்தான் 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் இது பொருந்தும். எல்லா மதத்தாருக்கும் பொது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழு சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கும். பெற்றோரே ஆகலாம், உடன்பிறந்தவரோ நெருங்கிய உறவினரோ ஆகலாம், பதிவு பெற்ற அமைப்பும் ஆகலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் அந்தப் பிள்ளையின் சொத்து விவரப் பட்டியலையும், பிறகு ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் கொடுக்க வேண்டும். சிலருக்கு இது தொல்லையாகத் தெரிகிறது. நம் பார்வையில், தாயும் தகப்பனும் இல்லாத காலத்தில் அந்தப் பிள்ளையைக் காப்பது இந்தக் கணக்குதான்.

இதே அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. 'கரௌந்தா' என்ற திட்டம் 18 வயது கடந்தவர்களின் குழு இல்லங்களுக்காகவே ஏற்பட்டது. அரசு ஊழியர்களாக இருந்தவர்கள், தம் காலத்துக்குப் பிறகு குறைபாடுள்ள பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும்படி உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்து வைக்கலாம்.

சொத்தை எழுதுவதில் நடக்கும் தவறு

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 'வீட்டை அந்தப் பிள்ளைக்கு உயில் எழுதிவிட்டேன்' என்று நிம்மதியாக இருப்பார்கள். ஷரீஅத்தில் வாரிசுக்கு வஸிய்யத் கிடையாது. எழுதினாலும் மற்ற வாரிசுகள், மவுத்துக்குப் பிறகு, மனமொப்பிச் சம்மதித்தால்தான் செல்லும். ஹனஃபீ, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபிலும் நிலை இதுவே. குறைபாடுள்ள மகனும் ஒரு வாரிசுதான் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு பழக்கம், வீட்டை அண்ணன் பெயரில் எழுதிவிட்டு 'தம்பியைப் பார்த்துக்கொள்' என்று சொல்லிப்போவது. அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கும் மவுத் உண்டு, அவருக்கும் வாரிசுகள் உண்டு. அந்தச் சொல் எந்தப் பத்திரத்திலும் இருக்காது.

வழி என்ன? உயிரோடு இருக்கும்போதே ஹிபா கொடுக்கலாம். பிள்ளைகளுக்கிடையே கொடுப்பதில் நீதம் வேண்டும் என்பது நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸிலிருந்து நாம் அறிந்ததே. ஆனால் பார்வையின்மை, தீராத நோய் போன்ற தேவை இருந்தால் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று இமாம் இப்னு குதாமா போன்றோர் தெளிவுபடுத்தியுள்ளனர். மற்ற பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசிவிட்டுச் செய்வது நல்லது. ஹிபா நிறைவேறப் பொருள் கைமாற வேண்டும். புத்தித் தெளிவு இல்லாத பிள்ளைக்குத் தந்தையே வலீ என்பதால் அவரே அந்தப் பிள்ளைக்காக ஏற்றுக்கொள்ளலாம். உடல் ஊனம் மட்டும் உள்ளவர் தாமே ஏற்க வேண்டும். அவரைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது. வாய்மொழியாகச் செய்தாலும் செல்லும் என்றாலும் பத்திரமாகப் பதிவு செய்துவிடுவதே பிற்காலச் சண்டையைத் தவிர்க்கும்.

குடும்ப வக்ஃப் இன்னொரு வழி. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி அதற்கு எழுத்துப் பத்திரம் அவசியம். பெண்கள் உட்பட எந்த வாரிசின் உரிமையையும் அது பறிக்கக் கூடாது. வழக்கறிஞரையும் ஆலிமையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆவது வசனத்தில், நிர்வகிக்கும் தெளிவு இல்லாதவர்களின் உணவும் உடையும் பற்றிச் சொல்லும்போது, சொத்தி'லிருந்து' என்னாமல் சொத்து'க்குள்' என்ற பொருளுள்ள சொல் வந்திருப்பதை ஸமக்ஷரீ, ராஸி போன்ற விரிவுரையாளர்கள் சுட்டுகிறார்கள். முதலைத் தின்னாமல் அதன் வருமானத்தில் பராமரிக்க வேண்டும் என்பது அவர்களின் விளக்கம். பிள்ளை பெயரில் வங்கியில் கிடந்து கரையும் தொகையைவிட, வாடகை வரும் ஒரு கடை எவ்வளவோ மேல்.

சேர்க்கும் முன்

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது சொல்லாமல் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள். கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகிறதா, இரவில் பெண்கள் பகுதியில் பெண் ஊழியர் இருக்கிறாரா, அரசுப் பதிவு நடப்பில் உள்ளதா என்று கேளுங்கள். வாழ்நாளுக்கும் சேர்த்து மொத்தத் தொகை வாங்குகிற இல்லமானால், இல்லம் மூடப்பட்டால் பணம் என்னவாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஹலால் உணவு, தொழுகை பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். புத்தித் தெளிவு இல்லாதவருக்கு மார்க்கக் கடமை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ரமளானில் நோன்பு என்று சொல்லி வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடுகிற வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். அது கூடவே கூடாது.

பிள்ளையை ஜனாஸா நடந்த மறுவாரம் கொண்டுபோய்விடுவதுதான் பெரிய கொடுமை. தாயும் இல்லை, பழகிய படுக்கையும் இல்லை. நீங்கள் இருக்கும்போதே முதலில் ஓர் இரவு, பிறகு ஒரு வாரம் என்று பழக்குங்கள். பேச முடிந்தவரானால் பிடித்திருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். பேச முடியாதவர் அங்கே சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவருடைய மருந்து, பயம், பிடித்த உணவு, கோபம் வந்தால் எப்படி அடங்குவார் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். தாய்க்கு மட்டும் தெரிந்தவை தாயோடு போய்விடும்.

மஹல்லாவால் செய்ய முடிந்தது நிறைய உண்டு. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தாலே பள்ளிவாசல் தெருவில் ஒரு வீடு எடுக்கலாம், ஆண்களுக்குத் தனியாக, பெண்களுக்குத் தனியாக. ஜகாத் பணத்தில் கட்டடம் கட்டக் கூடாது என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. கட்டடத்துக்கும் வாடகைக்கும் ஸதகாவும் வக்ஃபும் இருக்கட்டும். அங்கே வாழ்பவர் ஏழையாக இருந்தால் அவருடைய பங்கு ஜகாத்தை அவருக்கே உரிமையாக்கி, பாதுகாவலர் கையில் கொடுக்கலாம். பாதுகாவலர் அதை அவருடைய உணவுக்கும் மருந்துக்கும் செலவிட்டுக் கணக்கு எழுத வேண்டும்.