பெட்ரோல் காசுல நடைபாதை

காட்டுப் பாதையில மோட்டார் வண்டியை விடலாமா, கூடாதா? அமெரிக்காவுல இது அரை நூற்றாண்டு தாண்டின சண்டை. "காசு யாரோடது"ன்னு தோண்டினா கதை வேற மாதிரி போகுது மக்கா.

1968-ல தேசியப் பாதைகள் சட்டம் வந்துச்சு. அப்பலாச்சியன் பாதை மாதிரி நெடுந்தூர இயற்கைப் பாதைகள்ல பொதுமக்கள் மோட்டார் வண்டி ஓட்டக்கூடாதுன்னு அதுலயே எழுதிட்டாங்க. சரி, மத்த அரசு நிலம்? அங்க டர்ட் பைக், ஸ்னோமொபைல் எல்லாம் புகுந்து விளையாட ஆரம்பிச்சது. 1972-ல அதிபர் நிக்சன் (ஆமாங்க, வாட்டர்கேட் நிக்சனேதான்!) ஒரு ஆணை போட்டார். இந்த மாதிரி வண்டிங்க சுமார் 50 லட்சம் ஓடுதுன்னு அந்த ஆணையிலேயே கணக்கு இருக்கு. எங்க ஓட்டலாம், எங்க கூடாதுன்னு நிலத்தைப் பிரிக்கச் சொன்னார். 1977-ல கார்ட்டர் இன்னும் இறுக்கினார்: மண்ணோ விலங்கோ ரொம்பக் கெடுதுன்னா, அந்த இடத்தை உடனே மூடு.

நடக்கறவங்க கட்சி ஜெயிச்ச மாதிரி தெரியுதில்ல? இருங்க.

1991-ல ஐடஹோ செனட்டர் ஸ்டீவ் சிம்ஸ் பேர்ல ஒரு சட்டம் வந்துச்சு. வாதம் ரொம்ப சிம்பிள். காட்டுல ஓடற பைக்குக்குப் போடற பெட்ரோலுக்கும் மத்திய வரி உண்டு. அந்த வரி நெடுஞ்சாலை நிதிக்குப் போகுது. ரோட்டுலயே ஓடாத வண்டி எதுக்கு ரோட்டுக்கு அழணும்? காசைப் பாதைகளுக்கே திருப்பு!

ஆனா பங்கு பிரிச்ச விதத்தைப் பாருங்க. மோட்டார் பாதைக்கு 30 சதவீதம், மோட்டார் இல்லாததுக்கு 30, பலவிதமா பயன்படுற பாதைகளுக்கு 40. அதாவது ஷூ மாட்டிட்டு நடக்கறவருக்கும் குதிரைக்காரருக்கும் பைக்காரரோட பெட்ரோல் வரியில பங்கு. இது அநியாயம்னு பைக்காரங்க சொன்னா தப்பு சொல்ல முடியாது. ஆனா பாதையில நடக்கறவரால பைக்காரருக்கு ஒரு தொந்தரவும் இல்ல; பைக்கோட சத்தமும் புழுதியும் நடக்கறவரோட நாளையே கெடுத்துடும். கணக்குல 30-30 சமம், காதுல சமமில்லை. என்னைக் கேட்டா அந்தப் பங்கை நஷ்டஈடுன்னே சொல்வேன். இதுல வேடிக்கை, பாதையில முட்டிக்கிட்ட ரெண்டு கோஷ்டியும் இந்த நிதியைக் காப்பாத்த மட்டும் ஒண்ணா நின்னாங்க :-)

அப்புறம் வந்துச்சு எலெக்ட்ரிக் சைக்கிள். 2019 ஆகஸ்ட்ல அமெரிக்க உள்துறை, 750 வாட்ஸுக்குள்ள மோட்டார் இருந்தா அதை சாதா சைக்கிள் மாதிரியே நடத்தணும்னு ஆணை போட்டது. மோட்டார் இருக்கு. சத்தம் இல்ல. பெட்ரோல் வரியும் இல்ல. இவரை எந்த முப்பதுல சேர்ப்பீங்க?