கிதார் ஆம்ப்ளிஃபயர்: தொனியும் வெளியீட்டு இணைப்பும்

மின்சாரக் கிதாரின் தந்திகள் அதிரும்போது பிக்கப்பில் எழும் அதிசூக்ஷ்மமான மின்னலையை, ஸ்பீக்கரை இயக்கவல்ல சக்தியாக வளர்த்துத் தரும் உபகரணம் கிதார் ஆம்ப்ளிஃபயர். உள்ளதை உள்ளபடி பெருக்குவது இசைத்தட்டுக் கருவிக்கு உத்தம லட்சணம். இதுவோ, வால்வுகள் தம் சக்தியின் எல்லையை எட்டுகையில் அலையின் முகடுகள் மழுங்கி உபஸ்வரங்கள் பெருகுவதையே அழகாகக் கொண்டிருப்பதால், வாத்தியத்தின் ஓர் அங்கமாகவே கருதத்தக்கது.

தொனியைத் திருகுகள்தாம் நிர்ணயிக்கின்றன என்பது பொதுவான எண்ணம். ஆனால் லண்டனில் ஜிம் மார்ஷல் 1962-இல் உருவாக்கிய ஜே.டி.எம். 45, கலிபோர்னியாவின் ஃபெண்டர் பாஸ்மேனுடைய மின்சுற்றைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றியது. சில வால்வுகள் மாறின, பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் இருந்த ஸ்தானத்தில், முற்றும் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் வந்தன, நாதமோ வேறாகிவிட்டது. நான்கு ஈ.எல். 84 வால்வுகள் கொண்டு ஏறக்குறைய 30 வாட் தரும் வாக்ஸ் ஏ.சி. 30-இல் வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளே திருப்பி அலையின் பிறழ்வைத் திருத்தும் எதிர்ப்பின்னூட்டம் இல்லாமையால், ஸ்பீக்கரின் சுபாவம் இன்னும் தாராளமாக வெளிப்படுகிறது. ஆகவே வெளியீட்டு இணைப்பைத் தொனியின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும்.

வால்வு ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் 4, 8, 16 ஓம் என இணைப்புகள் அமைந்திருப்பது வழக்கம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்திற்கு அது காட்டும் தடை, அவற்றுள் ஒன்றோடு பொருந்தவேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம், தொடர் இணைப்பில் சேர்த்தால் 16 ஓம். ஸ்பீக்கரே இல்லாமல் வாசிப்பதுதான் மகா அபாயம். போக்கிடமற்ற சக்தியினால் டிரான்ஸ்பார்மரின் முதற்சுருளில் மின்னழுத்தம் மிதமிஞ்சி ஏறி, சுருளின் காப்பே எரிந்து நாசமாகக்கூடும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் நிலைமை நேர்மாறானது: ஸ்பீக்கர் இல்லாமையால் பொதுவாகக் கேடில்லை, குறிப்பிட்டதினும் குறைந்த ஓம் கொண்ட ஸ்பீக்கரை இணைத்தாலோ மின்னோட்டம் வரம்பு கடக்கிறது.

கிதார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் ஒரே 6.35 மில்லிமீட்டர் பிளக்கைக் கொண்டிருப்பினும், முன்னதின் மெல்லிய உட்கம்பி ஸ்பீக்கருக்குச் செல்லும் மின்னோட்டத்திற்கு ஏற்றதன்று.

ஒலிப்பதிவுக்கும் பெரிய மேடைக்கும் உதவும் லைன் அவுட்டிலிருந்து அலையை நேரே மிக்ஸருக்கு அனுப்பினால், காதைக் குத்தும் கூர்மை எழுவதுண்டு. கிதார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை இயல்பாகவே அடக்கிவிடுகிறது; அந்த அடக்கம் லைன் அவுட்டில் கிடைப்பதில்லை. இக்குறையைப் போக்க ஸ்பீக்கரின் குணத்தைப் போலச் செய்யும் மின்சுற்றுகள் வந்துள்ளன. அக்கம்பக்கத்தாரின் நித்திரைக்குப் பங்கமின்றி வீட்டில் பயில்வோர்க்கு அவை பேருபகாரம். எனினும் ஸ்பீக்கரின் முன் மைக்கை நிறுத்திப் பெறும் நாதமே, காற்றின் அசைவையும் பெட்டியின் அதிர்வையும் உடன் கொணர்வதால், இவற்றுள் முதலிடம் பெறத் தகுந்தது.