ஒரே ஹார்மோன், இரு வேளை: சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் புரொஜெஸ்டிரோன்

1. ஆய்வுப் பொருள்

புரொஜெஸ்டிரோன் அளவுக்கும் சோதனைக்குழாய்ச் சிகிச்சையின் பலனுக்கும் உள்ள உறவே இங்கு ஆயப்படுகிறது. முட்டை எடுக்கும் முன் இந்த ஹார்மோன் கூடினால் கேடு. கருவைக் கருப்பையில் வைத்த பின் குறைந்தால் கேடு. எந்த நாளில் எடுத்த இரத்தம் என்று அறியாமல் எண்ணை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது என்பதே என் துணிபு.

2. முட்டை எடுக்கும் முன்

2.1 காரணம்

இயற்கையான மாதத்தில் பொதுவாக ஒரு முட்டைதான் முதிரும். ஊசி மருந்தால் தூண்டும்போது பல முட்டைப்பைகள் ஒன்றாக வளர்கின்றன. ஒவ்வொன்றும் சிறிது புரொஜெஸ்டிரோனைச் சுரக்க, இரத்தத்தில் அதன் அளவு காலத்துக்கு முந்தியே ஏறிவிடுகிறது. அதனால் கருப்பையின் உட்சவ்வும் முன்கூட்டியே பக்குவப்பட்டுவிடும். கரு வந்து சேரும்போது அது பற்றிக்கொள்ளும் வேளை கடந்திருக்கும். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைச் சுழற்சிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு, முட்டையை இறுதியாக முதிரவைக்கும் டிரிக்கர் ஊசி போடும் நாளில் மில்லிலிட்டருக்கு 1.5 நானோகிராமைத் தாண்டியவர்களிடம் கருத்தரிப்பு குறைந்ததைக் காட்டியது.

2.2 உறையவைத்தல்

பழுது பெரும்பாலும் உட்சவ்வில்தான்; கருவில் அன்று. அதே கருவை உறையவைத்து வேறொரு மாதம் வைத்தால் அந்தக் குறை பெரிதும் நீங்குகிறது. 1978இலேயே கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் சினைப்பையைத் தூண்டி, கருவை உறையவைத்து, பின்னொரு சுழற்சியில் கருப்பையில் வைத்தார். அவ்வாண்டு அக்டோபர் 3 அன்று குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். நம் நாட்டு மருத்துவ வரலாற்றின் ஆறாத வடு அது.

ஆயினும் எல்லோருக்கும் உறையவைக்கத் தேவையில்லை. சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களிடம் 2016இல் சீனாவில் நடந்த சோதனையில் உறைகருவால் குழந்தை பெற்றோர் 49.3 விழுக்காடு, புதுக்கருவால் 42. அக்குறைபாடு இல்லாதவர்களிடம் சீனாவிலும் வியட்நாமிலும் நடந்து 2018இல் வெளியான சோதனைகள் அத்தகைய வேறுபாட்டைக் காட்டவில்லை.

3. கரு வைத்த பின்

கர்ப்பத்தின் முதல் ஏழு வாரங்கள் முட்டை வெளியேறிய பின் சினைப்பையில் உருவாகிப் புரொஜெஸ்டிரோன் சுரக்கும் மஞ்சள் உடலத்தை நம்பியவை. அதை அகற்றினால் கரு கலைவதையும், புரொஜெஸ்டிரோன் கொடுத்தால் நிலைப்பதையும் ஆய்வாளர் ஆர்பாட் சாப்போ 1970களில் நிறுவினார். முழுக்க மருந்தால் உட்சவ்வை ஆயத்தப்படுத்தும் உறைகருச் சிகிச்சையில் மஞ்சள் உடலமே இராது; புரொஜெஸ்டிரோன் மருந்தாகவே வர வேண்டும். இம்முறையில் தானமுட்டை பெற்றவர்களிடம் 2017இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், கரு வைத்த நாளில் மில்லிலிட்டருக்கு 9.2 நானோகிராமுக்குக் கீழிருந்தவர்களிடம் கர்ப்பம் தொடர்வது குறைந்திருந்தது. அத்தகையோருக்கு மருந்தைக் கூட்டுவது நியாயமே.

4. நடைமுறைக்கு

டிரிக்கர் நாளின் 1.5ஐயும் கரு வைத்த நாளின் 9.2ஐயும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. ஆய்வுக்கூடங்கள் தரும் தாளில் பெரும்பாலும் பொதுவான வரம்பே அச்சாகிறது. அதைப் பார்த்துக் கலங்கும் பெண்கள் பலர். இரத்தம் எடுத்த சிகிச்சை நாளையும் அத்தாளில் குறிக்க வேண்டும். சிகிச்சை பெறுவோர் முடிந்தவரை ஒரே ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்து, எண்ணின் பொருளை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.